சம்மந்திமார் மலையேறிய விதம்

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. கற்பூரம் கொளுத்தி உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் பண்ணித் தரலாம். ஆனால் ஸ்காபரோ அப்பார்ட்மென்டில் கற்பூரம் கொளுத்தினால் புகை அலாரம் அடித்து, கட்டடத்துச் சனம் முழுக்க உடுத்த உடுப்போடு வீதிக்கு வந்து நிற்கும். ஆகையால் பற்றரியில் எரிகிற குத்துவிளக்கின்மேல் கை வைத்துச் சொல்லப்படுகிறது: ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. பொய்யென்றால் இந்தப் பற்றரி இப்போதே இறங்கட்டும்.

தியாகலிங்கத்துக்கு உயரம் ஆகாது. ஸ்காபரோவில் ரூஜ் பக்கத்தில் வீடு வாங்கிய நாளிலிருந்து மேல்மாடி மனைவி ரதிக்கும் மகள் அட்சயாவுக்கும் உரியது. அவர் படுப்பது கீழே சோபாவில். கேட்டால் இடுப்பில் நாரிப்பிடிப்பு, படி ஏற ஏலாது என்பார். வீட்டில் பல்ப் மாற்றுவது ரதி. கடைத்தொகுதியில் எஸ்கலேற்றரைக் கண்டால் சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்துவிடுவார். கூட வந்தவர்கள் மேலே போய்ச் சேரும்வரை கட்டிக்கொண்டே இருப்பார். சின்ன ஏணியில் இரண்டாம் படியில் கால் வைத்தால் போதும், ரொறன்ரோ முழுவதும் அவரை ஒருமுறை வலம் வந்துவிட்டுத்தான் நிற்கும்.

இது ஒரு சுபாவம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அட்சயாவுக்குச் சம்பந்தம் பேசியபோதுதான் அது வருத்தம், அதாவது நோய், ஆயிற்று.

மாப்பிள்ளை பிரியந்தன், ஜெர்மனியில் மியூனிக் நகரத்தில் பிறந்து வளர்ந்து ரொறன்ரோவுக்கு வேலைக்கு வந்தவன். ரொறன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்விலில் புது வீடு வாங்கியிருக்கிற அவனுடைய சித்தப்பா மூலம் வந்த பேச்சு. அதற்கு முன் வந்த மாப்பிள்ளைமாரையெல்லாம் அரைக் கோப்பி குடிப்பதற்குள் தள்ளிவிட்ட அட்சயா, இவனைப் பார்த்துவிட்டு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னாள்:

"அப்பா, ஹீ இஸ் ஓகே. ப்ளீஸ், இதை மட்டும் ஸ்பொயில் பண்ணிப்போடாதேங்கோ."

அவள் வாயில் 'ஓகே' என்றால் மற்றப் பெண்கள் அழுது சிரித்துச் சொல்கிற அத்தனையும் அதற்குள் இருக்கிறது என்று தகப்பனுக்குத் தெரியும்.

பிறகு மாப்பிள்ளையின் தாய் தொலைபேசியில் ரதியோடு கதைத்தார். எல்லாம் கதைத்து முடிந்து, வைக்கப்போகிற நேரத்தில், கறிக்கு உப்புக் காணுமோ என்று கேட்கிற மாதிரிக் கேட்டார்:

"உங்கடை பக்கத்திலை வருத்தம் கிருத்தம் ஒண்டும் இல்லைத்தானே? ஏனெண்டால், முந்தி எங்களுக்கு ஒரு இடம் எல்லாம் பொருந்தி வந்தது. பொம்பிளையின்ரை மாமன்காரன் கோயில் திருவிழாவிலை தலை சுத்தி விழுந்தார். விட்டிட்டம். பரம்பரையிலை வந்திடும், பாருங்கோ."

"அந்த மனுசன் விரதமாய் இருந்திருப்பாரோ?" என்றார் ரதி.

"இருந்தவர்தான். ஆனால் சுத்தினது சுத்தினதுதானே?"

"எங்கடை ஆக்களுக்கு ஒரு தும்மல்கூட இல்லை" என்றார் ரதி, கணவனைப் பார்த்துக்கொண்டே. தியாகலிங்கம் சமதரையில் நின்றபடியே கதவைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த கிழமை வீடியோவில் மாப்பிள்ளையின் தகப்பன் வந்தார். அருள்நாயகம் என்று பெயர். ஜெர்மனியில் நாற்பது வருடம். பின்னால் சுவரில் பனிமலைப் படம் ஒன்று தொங்கியது.

"சம்பந்தக் கலப்புக்கு இஞ்சை வரேக்கை உங்களை மலைக்குக் கூட்டிக்கொண்டு போறன், சம்மந்தி. உதுதான் ஜெர்மனியிலையே உயர்ந்த மலை. சுக்ஸ்பிற்சே."

"அதுக்கென்ன, ஏறினால் போச்சு" என்றார் தியாகலிங்கம். எங்கள் ஆட்கள் ஒரு அழைப்புக்குச் சொல்லுகிற பதில் அது. 'பார்ப்பம்' என்றாலும், 'வராமல் விடுவமே' என்றாலும், 'ஏறினால் போச்சு' என்றாலும் பொருள் ஒன்றுதான்: கதையை மாற்றுவோம்.

"உச்சிமட்டும் ட்றெயினும் கேபிள் காரும் போகுது" என்றார் அருள்நாயகம்.

"ட்றெயின் கிழடுகளுக்கு. எங்களுக்கு என்னத்துக்கு?" இதுவும் மரியாதைக்குத்தான். சம்மந்தியைக் கிழவன் என்று ஒப்புக்கொள்ளக்கூடாதல்லவா?

திரையில் அருள்நாயகத்தின் முகம் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. இணையம் மந்தம் என்று தியாகலிங்கம் நினைத்தார்.

"அப்ப… கம்பி பிடிச்சு ஏறுற பாதையும் இருக்கு. நீங்கள் விரும்பினால்…"

"நீங்கள் விரும்பினால் எனக்கென்ன!"

"நீங்கள் விரும்பினால் நான் ஏன் மறிக்கிறன்!"

இப்படி ஒருவரை ஒருவர் மரியாதை பண்ணிப் பண்ணி, வீடியோவை நிறுத்துகிற நேரத்தில் இருவரும் ஆவணி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் மலையேறுவதாக முடிவாகிவிட்டது. மறுநாள் ஞாயிறு சம்பந்தக் கலப்பு: பெண்வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் ஒன்றாய் இருந்து சாப்பிட்டால் பேச்சு உறுதி. சாப்பாட்டுக்கு முதல் மலை.

"மலையிலை தலை சுத்தினால் ஞாயிறு சாப்பாடு இல்லை. விளங்குதே?" என்றார் ரதி.

அவருக்கு விளங்கியது.

பக்கத்து வீட்டு றொபேட் மன்னார்க்காரர். கூரை வேலை செய்கிறவர். கூரையில் கட்டுகிற இடுப்புப் பட்டி ஒன்றையும், அதிலிருந்து இரண்டு வாலாகத் தொங்குகிற கயிறுகளையும், நுனியில் இரண்டு கொழுக்கிகளையும் கொண்டுவந்து தியாகலிங்கத்துக்குப் பூட்டிவிட்டார்.

"அண்ணை, மலையில கம்பி ஓடும். இடைக்கிடை கம்பியை ஆணி அடிச்சு இறுக்கியிருப்பாங்கள். ஆணிக்கு ஆணி கொழுக்கியை மாத்தோணும். ஒண்டைக் கழட்டி அங்கால போட்டு, பிறகு மற்றதை. ரெண்டையும் ஒரே நேரத்தில கழட்டினால், நான் உங்கட செத்தவீட்டுப் பூசைக்கு வாறன்."

தியாகலிங்கம் பழகினார். குசினி அலுமாரிக் கைபிடிகளில் பழகினார். பிறகு நகரப் பேருந்தில் ஏறி, நடுவில் நிற்கிற கம்பத்துக்குக் கம்பம் கொழுக்கி மாற்றிக்கொண்டு பின்கதவுவரை போனார். சந்தைப் பையோடு இருந்த ஒரு அன்ரி அவருடைய இரண்டு கயிறுகளையும் பார்த்து, "என்ன தம்பி, ரெண்டு நாயையும் துலைச்சுப்போட்டியளோ?" என்று உண்மையான கவலையோடு கேட்டார்.

ஏணியில்தான் சரிவரவில்லை. கூரைத் தண்ணீர்ப்பீலிக்குச் சாத்திய ஏணியில் றொபேட் அவரை இரண்டாம் படியில் ஏற்றிவிட்டு நிற்க, வீட்டுக்குள்ளிருந்து வந்த ரதி, போன வருடம் பீலியைத் துப்பரவாக்காத கதையைத் தொடங்கினார். தியாகலிங்கம் பதில் சொன்னார். ரதி அதற்குப் பதில் சொன்னார். அவர் கையை நீட்டிக் குரலை உயர்த்தி, "நீ ஆரோடை கதைக்கிறாய்?" என்றபோது ரதி திடீரென்று வாயை மூடினார். ஏனென்றால் கணவனுடைய கை பீலியில் இருந்தது. கால் ஏணியின் மேல்நுனிப் படியில் இருந்தது. அந்த மௌனத்தில் தியாகலிங்கம் கீழே பார்த்தார். றொபேட் அவரைத் தோளில் போட்டு இறக்கவேண்டியதாயிற்று.

அப்போது அந்தச் சண்டையை யாரும் ஒரு மருந்தாக நினைக்கவில்லை.

ஆவணியில் தியாகலிங்கமும் ரதியும் மியூனிக் போனார்கள். வெள்ளி பின்னேரம் சம்மந்திமார் இருவரும் அருவிப் பள்ளத்தால் நடந்து மலைவிடுதிக்குப் போய்ப் படுத்து, விடிய ஏறுவது, ரதியும் மாப்பிள்ளையின் தாயும் மதியம் கேபிள் காரில் உச்சிக்கு வந்து காத்திருப்பது, இதுதான் ஏற்பாடு. ஒரு வழிகாட்டியை அமர்த்தலாமே என்று ரதி கேட்டதற்கு, "சம்மந்தி இருக்கேக்கை வழிகாட்டி என்னத்துக்கு?" என்றார் தியாகலிங்கம். "நானும் அதைத்தான் சொல்ல வந்தனான்" என்றார் அருள்நாயகம். ரதி தியாகலிங்கத்தின் நெற்றியில் திருநீறு பூசி, நாவூறு கண்ணூறு படாமல் இருக்கத் தேசிக்காய் என்கிற எலுமிச்சம்பழம் ஒன்றைக் காற்சட்டைப் பைக்குள் வைத்தார். அந்தப் பள்ளத்தாக்கின் பெயருக்கு ஜெர்மன் மொழியில் நரகப் பள்ளத்தாக்கு என்று பொருள் என்பதை அருள்நாயகம் விடுதியில் சாப்பிடும்போதுதான் சொன்னார்.

விடிந்ததும் தலைக்கவசம், இடுப்புப் பட்டி எல்லாம் மாட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். அவர்களுக்குப் பின்னால், எழுபதைத் தாண்டிய ஒரு ஜெர்மன்காரி தனியாக வந்தார். அவர் அருள்நாயகத்தை நிறுத்தி, ஒரு சொல்லும் பேசாமல் அவருடைய தலைக்கவசத்தைக் கழற்றிப் பின்பக்கத்தை முன்பக்கமாக மாற்றி வைத்துவிட்டு நகர்ந்தார்.

"இஞ்சத்தைய வழக்கம். மூத்த ஆக்கள் தலையைத் தொட்டு ஆசீர்வதிப்பினம்" என்றார் அருள்நாயகம்.

தியாகலிங்கம் நம்பினார். அவருக்கு வேறு கவலை இருந்தது. முன்னால் ஒரு பாறை, அதில் இரும்பு ஏணி.

"மாப்பிள்ளை வீட்டுக்காரர் முன்னுக்குப் போகோணும்" என்றார்.

"விருந்தாளிதான் முன்னுக்கு."

"சீச்சீ, அது முறையில்லை."

இருவருக்கும் பின்னால் ஆறேழு பேர் சேர்ந்துவிட்டார்கள். கடைசியில் அருள்நாயகம் முன்னே ஏறினார். தியாகலிங்கம் மேலும் பார்க்காமல் கீழும் பார்க்காமல் சம்மந்தியின் சப்பாத்து அடியை மட்டும் பார்த்துக்கொண்டு ஏறினார். அந்த அடியில், குதிப்பக்கத்தில், கடைக்காரன் ஒட்டிய சிவப்பு விலைச்சீட்டு கொஞ்சமும் தேயாமல் இருந்தது. வசதியான மனிதர், மலைக்கு மலை புதுச் சப்பாத்து என்று நினைத்துக்கொண்டார்.

ஏணி முடிந்த இடத்தில் மலை முடிந்துவிட்டது போலிருந்தது. வழித்து விட்ட சுவர் மாதிரி ஒரு பாறை. அதில் குறுக்காக, கால் வைப்பதற்கு இரும்பு முளைகள் மட்டும். நெஞ்சு உயரத்தில் கம்பி. முளைக்கும் முளைக்கும் இடையில் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாதது கீழே வெகுதூரம் போனது.

தியாகலிங்கம் கொழுக்கி இரண்டையும் கம்பியில் போட்டு, முதல் முளையில் கால் வைத்தார். பையிலிருந்த தேசிக்காய் பிதுங்கி வெளியே வந்து விழுந்தது. அது எங்கேயாவது பட்டுச் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தார். கேட்கவில்லை. இன்னும் காத்திருந்தார். மலை மெல்லச் சுற்றத் தொடங்கியது. முதலில் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம். இனி ஒரு மூச்சுக்குள் சம்மந்தி திரும்பிப் பார்ப்பார், ஞாயிறு சாப்பாடு இல்லை, வாசலில் சப்பாத்தோடு நின்ற அட்சயா அப்படியே நிற்பாள்.

அப்போது முன்னால் இருந்து, சுவரைப் பார்த்தபடியே, அருள்நாயகம் விநோதமான ஒரு மெல்லிய குரலில் சொன்னார்:

"கலியாணத்தை ஸ்ரௌவ்விலிலை வைப்பம் எண்டு என்ரை தம்பி சொல்லுறான்."

"எங்கை?"

"ஸ்ரௌவ்விலிலை. பெரிய கலியாண ஹோல் ஒண்டு இருக்காம். தோட்டத்தோடை."

"கார் இல்லாத சனம் அங்கை என்னெண்டு வாறது? என்ரை பெரியம்மா ஹெலிகொப்டரிலையோ வாறது?"

"கனடாவிலை கார் இல்லாமல் ஆர் இருக்கினம்?"

"ஸ்காபரோவிலை வந்து பாருங்கோ! கோயிலடியிலை பஸ்ஸுக்கு நிக்கிற சனத்தை வந்து பாருங்கோ! உந்தத் தோட்டத்துக்கு அந்தச் சனம் நடந்தே வாறது? பொம்பிளை வீட்டுக் கலியாணம் சம்மந்தி, பொம்பிளையின்ரை ஊரிலைதான் நடக்கும்!"

"அப்ப எங்கடை சொல்லுக்கு மதிப்பில்லை?"

"மதிப்புக்கும் பஸ்ஸுக்கும் என்ன சம்மந்தம்?"

காலுக்கடியில் மண் கரகரத்தது. தியாகலிங்கம் திரும்பிப் பார்த்தார். முளைச் சுவர் பின்னால் இருந்தது. கொழுக்கிகளை எத்தனை ஆணியில் மாற்றினார் என்று அவருக்கே தெரியாது. பீலியில் கை வைத்த நாள் ஞாபகம் வந்தது. அவருக்கு மருந்து விளங்கிவிட்டது.

அதன்பின் சரளைக்கற்கள், அதன்பின் பனிக்கட்டி வெளி. அங்கே நடப்பதுதான், ஆகையால் இருவரும் ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொண்டு அன்பாக நடந்தார்கள். பனிக்கட்டி முடிகிற இடத்தில் அதற்கும் பாறைக்கும் நடுவில் ஒரு பிளவு, நீலமாக, அடி தெரியாமல். அதைத் தாண்டிக் கம்பியைப் பிடித்தால், அங்கிருந்து உச்சிவரைக்கும் சுவர்தான். மேலே, மேகம் ஒன்று கறுத்து உச்சியின் தோளில் வந்து இருந்தது.

"நாதஸ்வரம் மட்டும்தான், டி.ஜே. கிடையாது!" என்று கத்திக்கொண்டே தியாகலிங்கம் பிளவைத் தாண்டினார்.

"டி.ஜே. இல்லாமல் பெடியள் என்ன தேவாரமே பாடுறது?" என்று அருள்நாயகம் மேலேயிருந்து திருப்பிக் கொடுத்தார்.

டி.ஜே. அவர்களை ஒரு நீண்ட பாறைப் பிளவுக்கு மேலே கொண்டுபோயிற்று. மட்டன் றோல்ஸ் ஒரு மொட்டைச் சரிவைத் தாண்ட உதவியது. ஐயர் எத்தனை மணித்தியாலம் ஓதலாம் என்பதில் நல்ல உயரம் ஏறினார்கள். ஆனால் இருவரும் அடிப்படையில் மரியாதை தெரிந்த மனிதர்கள், அதுதான் ஆபத்து. "சரி, முன்னுக்கு நாதஸ்வரம், பிறகு டி.ஜே." என்று ஒருவர் இறங்கி வந்தால் உடனே மற்றவருடைய கோபம் அவிந்துபோகும். அவிந்த உடனே தியாகலிங்கத்தின் வலதுகால் தையல் மெசின் மாதிரித் தானாக அடிக்கத் தொடங்கும். அவசரமாக அடுத்ததைத் தேடவேண்டும். சம்மந்தியும் ஏன் இவ்வளவு ஆவலோடு சண்டைக்கு வருகிறார் என்பது மட்டும் அவருக்கு விளங்கவில்லை.

முதல் இடி கேட்டது. தூரத்தில்தான். ஆனால் கையிலிருந்த கம்பி மெல்ல இரைந்தது, உள்ளே தேனீ இருக்கிற மாதிரி. மற்றவர்கள் எல்லாரும் அவர்களை முந்தி விரைந்து ஏறிப்போனார்கள். அந்த ஜெர்மன்காரி மட்டும் பின்னால் இருந்தார். இடி, கம்பி, மின்னல் என்று கையால் காட்டி, மேலே போங்கள் என்று உதட்டால் சொன்னார்.

அருள்நாயகம் போகவில்லை.

பாறை வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிற ஒரு மூலை. அதைச் சுற்றிப் போகவேண்டும். அதில் அவர் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றார்.

"போங்கோ சம்மந்தி."

மழைத்துளி ஒன்று தியாகலிங்கத்தின் மூக்கில் விழுந்தது. சண்டைதான் வழி என்று தெரிந்தவர், பழைய இடத்திலேயே பிடித்தார்.

"அப்ப ஹோல் ஸ்காபரோவிலைதான்!"

"சரி" என்றார் அருள்நாயகம்.

தியாகலிங்கம் அவசரமாக அடுத்ததை எடுத்தார். "டி.ஜே. வேண்டாம்!"

"சரி."

"ட்றோன் பறக்கவிட்டுப் படம் எடுக்கக்கூடாது! சித்தப்பா மேடையிலை பேசக்கூடாது!"

"சரி. எல்லாம் சரி."

ஒவ்வொரு 'சரி'க்கும் மலை ஒரு சுற்றுச் சுற்றியது. அவருக்கு இனிக் கேட்க ஒன்றும் இல்லை. உலகத்தில் எந்தப் பெண்ணைப் பெற்ற தகப்பனுக்கும் கிடைக்காத அத்தனையும் ஒரு நிமிடத்தில் கிடைத்துவிட்டது. அதனால் அவர் சாகப்போகிறார்.

"சம்மந்தி," அருள்நாயகம் பாறையோடு பேசினார், "எனக்கு அசைய ஏலாமல் கிடக்கு. தலை சுத்துது. நான் ஒருநாளும் இந்த மலை ஏறினதில்லை. வாறதெல்லாம் ட்றெயினிலைதான். நீங்கள் கேட்டியள் எண்டுதான்…"

"நான் கேட்டனானோ?"

"கிழடுகளுக்கு ட்றெயின் எண்டு சொன்னனீங்களெல்லே?"

தியாகலிங்கத்துக்கு நெஞ்சு லேசாகியிருக்கவேண்டும். அப்படி ஆகவில்லை. உச்சந்தலைவரை கொதித்துக்கொண்டு வந்தது.

"விரதம் இருந்த ஒரு பாவப்பட்ட மனுசன் கோயிலிலை தலை சுத்தி விழுந்ததுக்கு ஒரு பிள்ளையின்ரை கலியாணத்தைக் குழப்பின ஆக்கள் நீங்கள்! தலைச்சுத்து எண்டால் என்னெண்டு தெரியுமே உங்களுக்கு? எனக்குத் தெரியும்! நான் பிறந்ததிலை இருந்து சுத்துறன்! வீட்டிலை பல்ப்பு மாத்துறது என்ரை மனிசி!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே காதில் கேட்டது.

அருள்நாயகத்தின் முகம் பாறையை விட்டு மெல்லத் திரும்பியது. வெளிறியிருந்த முகத்தில் இரத்தம் ஏறியது.

"ஒரு தும்மல்கூட இல்லை எண்டெல்லோ உங்கடை மனிசி சொன்னவ! மறைச்சிட்டியள்! சம்பந்தம் முறிஞ்சுது! நாளைக்குச் சாப்பாடு இல்லை!"

கத்திக்கொண்டே, கோபத்தில், அந்த மூலையின் ஆணியில் கொழுக்கியை மாற்றப்போனவர் இரண்டையும் சேர்த்துக் கழற்றினார். கழற்றிய கையோடு ஒரு விரலைத் தியாகலிங்கத்தின் பக்கம் நீட்டி ஆட்டினார். ஈரப் பாறையில் புதுச் சப்பாத்து வழுக்கியது. சிவப்பு விலைச்சீட்டு தியாகலிங்கத்தின் கண்முன்னால் மேலிருந்து கீழே போனது.

கீழே பார்க்காமல் அவரைப் பிடிக்கமுடியாது. தியாகலிங்கம் பார்த்தார். பனிக்கட்டி வெளி ஒரு கைக்குட்டை அளவில் கிடந்தது. அதற்கும் அவருக்கும் நடுவில், ஒரு பாறை நுனியை இரண்டு கையாலும் பிடித்தபடி, வாயைத் திறந்துகொண்டு சம்மந்தி. சுற்றுவதற்கு நேரம் இல்லை. பேருந்தில் பழகிய கை தானாகப் போனது: ஒன்றைக் கழற்று, மற்றதை விடாதே. தன் ஒரு கொழுக்கியைக் கம்பியில் விட்டு, மற்றதைக் கழற்றி, குனிந்து, கயிறு போகிற அளவுக்கும் குனிந்து, அருள்நாயகத்தின் இடுப்புப் பட்டியில் போட்டார். 'டிக்' என்று பூட்டியது. அந்த நொடியில் பாறை நுனி உடைந்து போயிற்று.

இரண்டு மனிதரும் ஒரு கம்பியில் தொங்கினார்கள். அந்தத் துண்டுப் பாறை போய் விழுந்த சத்தமும் கேட்கவில்லை. தியாகலிங்கத்தின் இடுப்பெலும்பு இரண்டாகிற மாதிரி இருந்தது. அவர் சம்மந்தியின் கண்ணைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

"இடது காலுக்கு நேரை ஒரு முளை. வையுங்கோ. வைச்சாச்சே? இப்ப உங்கடை கொழுக்கி. ஒண்டு. மற்றது. ம்."

அருள்நாயகம் கம்பியில் பூட்டிக்கொண்டார். மூச்சு வாங்கினார். நன்றி சொல்வார் என்று தியாகலிங்கம் பயந்தார். சொன்னால் இருவரும் அங்கேயே முடிந்தார்கள்.

"அப்பவும் சம்பந்தம் முறிஞ்சதுதான்" என்றார் அருள்நாயகம். மூலையைச் சுற்றி ஏறத் தொடங்கினார்.

"முறியுங்கோ! ஆனால் என்ன காரணம் எண்டு சொல்லுவியள்?" தியாகலிங்கம் பின்னால் விரட்டினார். கொழுக்கிகள் ஆணிக்கு ஆணி தாவின.

"உங்கடை வருத்தம்!"

"என்ரை வருத்தத்தை எங்கை கண்டனீங்கள்?"

"மலையிலை!"

"மலையிலை ஆர் அசைய ஏலாமல் நிண்டது? ஆர் தொங்கினது? உங்கடை மனிசி கேட்பா, அப்ப ஆருக்குச் சுத்தினது எண்டு! பரம்பரையிலை வந்திடும் எண்டியள், அப்ப பிரியந்தனுக்கு ஆரின்ரை பரம்பரை? சொல்லுங்கோ!"

அருள்நாயகம் அடுத்த பிடிக்காக மேலே கையை நீட்டினார். பாறை இல்லை. கை காற்றைத் துழாவியது. இருவரும் நிமிர்ந்தார்கள். எதிரே பொன்னிறச் சிலுவை. அதற்கு அப்பால் மேடை, கைப்பிடிக் கம்பி, தொப்பி போட்ட சுற்றுலாச் சனம், சொசேஜ் வாசம். பலமாக இடித்தது. மழை கொட்டத் தொடங்கியது. பின்னால் ஏறி வந்த ஜெர்மன்காரி இருவருடைய முதுகிலும் தட்டிவிட்டுக் கேக் வாங்கப் போனார்.

உணவகக் கண்ணாடிக்கு உள்ளே ரதியும் சம்மந்தியம்மாவும் கோப்பியோடு இருந்தார்கள்.

"என்ன சத்தம் அது? இஞ்சை இருக்கிற எங்களுக்கே கேட்டது" என்றார் சம்மந்தியம்மா. "ரெண்டு பேருக்கும் ஏதும் பிரச்சினையோ?"

ரதி கணவனுடைய முகத்தைப் பார்த்தார். தியாகலிங்கம் மேசையைப் பார்த்தார். அருள்நாயகம் தலைக்கவசத்தைக் கழற்றி, முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று நிதானமாகப் பார்த்து மேசையில் வைத்தார். அதற்குள் ஒரு கலியாணம் நடந்து முடிந்துவிடலாம் போலிருந்தது.

"ஒண்டுமில்லையப்பா" என்றார். "சம்மந்தி ஸ்காபரோவிலைதான் கலியாணம் எண்டு ஒரே பிடியாய் நிண்டார். நானும் போகட்டும் எண்டு விட்டுக்குடுத்திட்டன்."

"மலையிலை என்னெண்டு ஏறினவர்?"

"ஆரு, சம்மந்தியோ? அவருக்கென்ன. குரங்கு மாதிரி."

கேபிள் காரில் இறங்கும்போது சம்மந்திமார் இருவரும் நடுக்கம்பத்தை ஆளுக்கொரு பக்கமாகக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு வந்தார்கள். களைப்பு என்று ஒருவர் சொன்னார். பிரார்த்தனை என்று மற்றவர் சொன்னார். ஞாயிறு சாப்பாடு நடந்தது. இருவரும் இரண்டாம் தரம் சோறு வாங்கினார்கள்.

கலியாணம் மார்கழிக்கு முன் ஸ்காபரோவில் நடந்தது. கோயிலடிச் சனம் பஸ்ஸிலேயே வந்து இறங்கியது. மணவறைக்கு நாலு படி வைத்து உயர்த்திக் கட்டியிருந்தார்கள். தாலி கட்டுகிற நேரம் மேளக்காரர் கெட்டிமேளத்துக்குக் கையை ஓங்கியபோது, மேலே நின்ற தகப்பன்மார் இருவரும் ஆளுக்கொரு வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு, மட்டன் றோல்ஸ் ஆறிப்போனதைப்பற்றிப் பல்லைக் கடித்தபடி சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். சம்மந்தியம்மா அதைப் பார்த்து ரதியின் காதில், "மலையிலை இருந்து வந்த பகை, இன்னும் போகேல்லை" என்றார். அட்சயா குனிந்த தலையை நிமிர்த்தித் தகப்பனைப் பார்த்து, சத்தமில்லாமல் உதட்டால் 'ஓகே' என்றாள்.

குத்துவிளக்கின் பற்றரி இறங்குகிற மாதிரித் தெரிகிறது, ஆகையால் இதையும் சொல்லிவிடவேண்டும்: தியாகலிங்கத்துக்குப் பிள்ளைகள் இரண்டு பேர், இரண்டும் ஆண்பிள்ளைகள்.